ஜசிந்தாவின் உச்சச் சுரம்

— போதும் ஜசிந்தா, தொண்டை கிழியப்போகுது. அனலைதீவுப் படகில ஏறுற சனமெல்லாம் திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும். அமலதாஸின்ர மனுசிக்கு விசர் எண்டு சொல்லட்டும். இஞ்சருங்கோ, அந்த மேல் சுரம் வருகுதே இல்லை. தியாகலிங்கத்துக்குப் போன் எடுங்கோ. எனக்கு ஏலாது, வேற ஆளைப் பாக்கட்டும்.

— அவன் கனடாவில இருந்து வந்து கொழும்பில அறுபது பேர் ஓர்க்கெஸ்ட்ரா பிடிச்சு வைச்சிருக்கிறான். எங்கட பழைய அல்பத்தைத் திரும்பப் பதியிறதே, அந்த றொக் பாட்டுகளுக்க வாற உம்மட ஒப்பராக் குரலுக்காகத்தான்.

— அதுதானே கரைச்சல்! பழைய கசெற் ரேப்பைக் கேட்டெல்லோ வயலினுக்கெல்லாம் நொட்ஸ் எழுதினவங்கள். இருபது வயசில அங்க ஏறின குரல், அடுத்த வருசம் மாதா கோயில் பெருநாளுக்கே ஏறேல்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால நிண்டு அழுதனான். குரல் போச்சு எண்டுதானே, தியாகலிங்கம் கனடாவுக்குப் பாட வா எண்டு கூப்பிட்டும் நான் போகேல்லை.

— அவன் போனான். நீர் நிண்டீர்.

— ஓம், நிண்டன். உங்களைக் கட்டினன். இப்ப ஏன் அந்தக் கதை? போனைத் தாங்கோ.

— பொறும். அந்தச் சுரத்தை நீர் ஒருநாளும் பாடேல்லை.

— என்ன அலட்டுறியள்? ரேப்பில இருக்கிறது ஆற்ற குரல்?

— உம்மட குரல்தான். சண்டைக்கு மானிப்பாயில இடம்பெயர்ந்து இருக்கேக்க கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டுப்போட்டு, டைனமோவில றெக்கோடரை ஓட்டினது ஆர்?

— நீங்கள்தான். வேர்த்து ஒழுக ஒழுகப் பெடலைக் கையால சுத்தினீங்கள்.

— கடைசிப் பாட்டில என்ர கை சோந்துபோச்சு. சுத்து குறைய ரேப் மெதுவா ஓடிப் பதிஞ்சுது. பிறகு சரியான வேகத்தில போட்டுக் கேக்கேக்க, உம்மட குரல் மேல போயிட்டுது. தியாகலிங்கத்தின்ர கிற்றாரும் அந்த இடத்தில சேர்ந்து ஏறுது. கேட்டுப்பாரும்.

— மாதாவே! அப்ப என்ர குரலுக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?

— ஒண்டுமில்லை. நொட்ஸைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாச் சரி.

— முப்பது வருசமாப் பூசைக்குக்கூட நான் வாய் திறந்து பாடேல்லை. நில்லுங்கோ, இது உங்களுக்கு எப்ப தெரியும்?

— பெருநாளண்டு நீர் அழேக்கயே தெரியும்.

— அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பாவி!

— சொல்லியிருந்தா, நீர் என்னைக் கட்டியிருப்பீரோ?