சுடும் மோதிரத்தின் வாசகி

டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். லாரிக்காரனுக்கு இப்படித்தான் பிடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

எனக்குக் கதை படிக்கிற பழக்கமே கிடையாது. பத்தாவதோடு ஸ்டியரிங் பிடித்தவன் நான். பாலக்கோட்டில் தக்காளி லோடு ஏற்றி முடிக்கும்வரை மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் கேபினில் சும்மா கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள். நான் என் தங்கச்சி எழுதிய கதையைப் படித்தேன். எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான்.

கோகிலவாணிக்கு இருபது வயது. எங்கள் அப்பா செத்தபோது அவளுக்கு ஆறு. இண்டூரிலிருந்து தர்மபுரி காலேஜுக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். ஒருநாள் அவளுடைய போனை என் கேபினில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனாள். அது டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஏதோ கதை ஆப். 'உங்கள் அத்தியாயத்துக்கு 312 கருத்துகள்' என்று வந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என் தங்கச்சியிடம் பேசுகிறார்கள், கூடவே இருக்கிற எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது ஐயா, பொய் சொல்ல மாட்டேன்.

கதை இதுதான். பனிக்கோட்டை என்று ஒரு நாடு. இளவரசி இளமதி. அவள் விரலில் ஒரு மோதிரம். மனசில் வஞ்சம் வைத்திருப்பவன் தொட்டால் அது சுடும். பகை நாட்டிலிருந்து ஆதவன் என்று ஒருத்தன் குதிரைக்காரன் வேஷத்தில் ஒற்றனாக வருகிறான். அவன் தொட்டால் மட்டும் மோதிரம் சுடுவதில்லை. ஏனென்றால் அவன் காதல் உண்மையாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு? ஆனால் கீழே பார்த்தால் பொம்பளைப் பிள்ளைகள் உருகுகிறார்கள். 'செம யூடி சிஸ்.' 'ஆதவன் எனக்கு மட்டும்தான், யாரும் கிட்ட வராதீங்க.' 'அடுத்த யூடி எப்போ சிஸ், தூக்கமே வரல.' யூடி என்றால் புதிதாகப் போடுகிற அத்தியாயம். எனக்கும் முதலில் தெரியாது.

நேரிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாள், அம்மா குறுக்கே வருவாள். அதனால் அமுதவல்லி என்ற பெயரில் ஒரு ஐடி தொடங்கினேன். ஊர் ஓசூர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. ஒவ்வொரு யூடிக்கும் முதல் கருத்து அமுதவல்லியுடையதுதான். பத்தே நாளில் கோகிலா தனியாக மெசேஜ் போட ஆரம்பித்துவிட்டாள். 'அக்கா, நீங்க கமென்ட் போட்டீங்களான்னு பார்த்துட்டுத்தான் நான் சாப்புடவே போறேன்' என்றாள். என்னிடம் அவள் இப்படி ஒருநாளும் பேசியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் அமுதவல்லி கேட்டாள்: 'ஆதவன் நிஜத்துல இருக்கானா கண்ணு?' உடனே பதில் வந்தது. 'இருக்காருக்கா. இடது புருவத்துல வெட்டு, இடது கைப் பழக்கம், அப்படியே. பேரை மட்டும் கேக்காதீங்க.' கூடவே வெட்கப்படுகிற பொம்மை ஒன்று. எழுதுகிற பிள்ளைகள் வாசகர்களிடம் இப்படி விளையாடுவது வழக்கமாம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தேடினேன். காலேஜுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருந்தான். புருவத்தில் வெட்டு. இடது கையால் பேப்பரைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். பெயர் குரு, கடத்தூர்ப் பக்கம். நம்ம ஆளா என்று விசாரித்தேன். இல்லை. என் ஆதார் கார்டை நீட்டினேன். 'ரெண்டு பக்கமும் போடணுங்களாண்ணா?' என்று கேட்டான். மரியாதையான பையன்தான், அதை மறுக்க மாட்டேன்.

நான் அவசரப்படவில்லை. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் ஆதவன் ஒற்றன் என்று இளவரசிக்குத் தெரிந்துவிடுகிறது. அவனை என்ன செய்யலாம் என்று கோகிலா வாசகர்களையே கேட்டிருந்தாள். நான் எழுதினேன்: 'நம்ப வெச்சுக் கழுத்தறுக்கறவனுக்கு மன்னிப்பே கிடையாது சிஸ். அவன் செத்தாத்தான் கதை உருப்படும்.' அதற்கு நூற்று எண்பத்தேழு லைக் விழுந்தது. எல்லாம் படித்த பிள்ளைகள், குடும்பப் பெண்கள். அத்தனை பேர் சரி என்கிற விஷயத்தை நான் ஒருத்தன் தப்பு என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமைதோறும் குரு பைக்கில் சேலம் போய்ப் பேப்பர் வாங்கி வருவான். எனக்கும் அன்றைக்குச் சேலம் லோடு. கணவாய் இறங்கும் முன் எல்லா டிரைவரும் செய்கிற மாதிரி வண்டியை நிறுத்திச் சூடம் கொளுத்தினேன், அவன் கடந்து போகும்வரை. மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரும் நம்புவார்கள். வளைவில் வைத்து இடித்தேன். பைக் லாரிக்கு அடியில் போனது. அவன் தடுப்புச் சுவரோரம் விழுந்தான். முன்சக்கரம் இரண்டு கால் மேலும் ஏறியது. கரும்பை மிதித்த மாதிரி சத்தம் கேட்டது.

இறங்கிப் போனேன். உயிர் இருந்தது. ஹெல்மெட் தனியாக உருண்டு கிடந்தது. 'அண்ணா, எங்கம்மாவுக்குப் போன் போடுங்கண்ணா' என்றான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. டயருக்கு அணை கொடுக்கிற வேலமரக் கட்டை என் கையில் இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் லாரி மறைக்கும். முதல் அடி தாடையில் பட்டுவிட்டது. அவன் தலையைத் திருப்பினான், அதனால். இரண்டாவது நெற்றியில். மூன்றாவதுக்கு அப்புறம் புருவ வெட்டு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கட்டையைச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். பின்னால் வந்த டிரைவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். 'நீ என்னண்ணா பண்ணுவ, உடு' என்று தோளைத் தட்டினார்கள்.

அவர்கள் வருவதற்குள் அவன் பையைப் பார்த்திருந்தேன். உள்ளே ஊதா அட்டை போட்ட ஒரு புத்தகம். கோகிலாவின் கதை. பிரிண்ட் எடுத்து பைண்டிங் போடக் கொடுத்திருக்கிறாள். அவள் பெயர் வெளியே வரக்கூடாது என்று என் சோற்றுப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் அதைப் படித்திருக்கிறான் ஐயா. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: 'இவனைக் கொன்னுடாதீங்க மேடம், பாவம்.' காதலியை எவனாவது மேடம் என்பானா? அப்போதே யோசித்திருக்கலாம். ஆனால் நூற்று எண்பத்தேழு பேருக்கு எதிரே அது ஒரே ஒரு ஓட்டு.

மறுநாள் ஜாமீனுக்காக இதே ஸ்டேஷனில் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அமுதவல்லிக்கு மெசேஜ் வந்தது. 'அக்கா, ஜெராக்ஸ் கடை அண்ணா செத்துட்டாரு. எங்கண்ணன் வண்டிதான் மோதிருச்சு, பிரேக் புடிக்கலயாம். அண்ணனும் பாவம், நேத்துல இருந்து வூட்டுக்கே வரல. நான் அவரு மொகத்தைத்தான் ஆதவனுக்கு வெச்சேன், அவருக்கே தெரியாது. "ரெண்டு பக்கமும் போடணுங்களா"ன்னு கேட்டதைத் தவிர அவரு எங்கிட்டப் பேசினதே இல்ல. உங்ககிட்ட சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். இனிமே எழுத மாட்டேன்க்கா.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு நிதானத்துக்கு வந்தேன். இவன் இல்லை என்றால் நாளைக்கு இன்னொருத்தன் வந்திருப்பான். செத்தவனை நினைத்து அவள் எழுதுவதை நிறுத்திவிடக் கூடாது. அமுதவல்லி ஆறுதல் சொன்னாள்: 'அழாத கண்ணு, எழுதறத உட்டுடாத. அந்த ஊதா அட்டைப் புத்தகத்தை அவனும் ரசிச்சுத்தான் படிச்சிருப்பான்.'

பதிலாக ஒரே வரி வந்தது. 'ஊதா அட்டைன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?'

அட்டை நிறத்தைக் கடையில் தேர்ந்தெடுத்ததை அவள் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கடையிலிருந்து வாங்கக்கூட இல்லை; புத்தகம் கடைசியாக அவனிடம்தான் இருந்தது, அவன் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் நான். அவளுக்குப் புத்தி உண்டு, கதை எழுதுகிறவள் இல்லையா. நான் வீடு திரும்பிக் குளித்துக்கொண்டிருந்தபோது சோற்றுப் பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். ரத்தம் காய்ந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

அதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நீங்கள் ஜீப்பில் வருவதற்குள் படித்து முடித்தேன். ஆதவன் பிணத்துக்குப் பக்கத்தில் இளவரசி அழுகிறாள். அவளுடைய அண்ணன் வந்து ஆறுதலாகக் கையைப் பிடிக்கிறான். மோதிரம் அவள் விரலையே எரித்துவிடுகிறது. கதை முழுக்க அவளை வேவு பார்த்தவன் யார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது. அவ்வளவுதான், முற்றும்.

அதன் கீழே ஒரு கருத்துகூட இல்லை. முதல் கருத்தை நான்தான் போட்டேன். 'எல்லாம் சூப்பர் சிஸ். முடிவுலதான் லாஜிக் இடிக்குது. அண்ணன் தொட்டா மோதிரம் எதுக்குச் சுடணும்? அவன் பாசம் உண்மைதானே?'

நீங்கள் போனை வாங்கும்வரை அவள் பதில் போடவில்லை. சாப்பிடப் போயிருப்பாள்.