நீலப் பெட்டியில் ஒரு குறை

— இல்லம்மா. பெட்டி ஒரு தடவைகூட நின்னதில்ல.

— ஒரு தடவைகூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டூயேன். இடி மின்னல்ல? பனிப்புயல்ல கரன்ட் போனப்ப?

— கரன்ட் போனா பேட்டரி பாத்துக்கும். வந்ததும் அதுவே எழுந்திரிச்சு உக்காந்துக்கும். நான் போய்ப் பாக்கறதுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும்.

— என் புருஷன் இத்தனை வருஷத்துல அப்படி ஒரு நாள் பண்ணினதில்ல.

— எப்படி?

— தானா எழுந்திரிச்சு உக்காந்ததில்லன்னு சொன்னேன். விடுங்க. உங்களுக்குச் சிரிப்பே வராதா?

— வரும்மா. கொஞ்சம் மெதுவா வரும்.

— முதல்ல இந்த அம்மாவை விடுங்க. லொரெய்ன்னு கூப்பிடுங்க, இல்லாட்டி எனக்குக் கிழடு தட்டிடும். பாருங்க டூயேன், எனக்கு மூடி மறைச்சுப் பேசத் தெரியாது. எங்களது பட்டாணியும் சோளமும் டப்பாவுல அடைக்கிற ஆலை. ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து ஓட்டுற பொறுப்பு என் தலையில. அதுக்கு இத்தனை நாளா சிவப்புப் பெட்டி ஒண்ணு. அது தேஞ்சு போச்சு. மறுபடியும் சிவப்பையே வாங்கறதா, இல்ல ஊரே குதிக்குதே அந்த நீலத்துக்குப் போறதான்னு இன்னிக்கு மூணு மணிக்குக் கூட்டம். நான்தான் எழுந்து நின்னு பேசணும்.

— ம்.

— சிவப்புக்காரங்களும் நீலக்காரங்களும் பேசிக்கிட்டாங்கன்னா, நம்ம பேக்கர்ஸ் டீமுக்கும் சிகாகோக்காரனுக்கும் ஃபுட்பால் நடக்கிற மாதிரிதான். ஒரே ரூம்ல விட்டா நாற்காலி மிஞ்சாது. நான் அப்படியெல்லாம் இல்ல. எனக்கு ரெண்டும் தகரம்தான்.

— ரெண்டும் தகரம்தான்.

— நீலத்தை விக்க வந்த பையன்தான் உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போனான். தலைக்கு என்னமோ தடவி, வாசனை காபி மெஷின் வரைக்கும் வந்துச்சு. "பெரிய பேப்பர் ஆலை மேடம், எங்க பெட்டியைத்தான் வெச்சிருக்காங்க, நீங்களே போன் பண்ணிக் கேளுங்க"ன்னான். கேட்டா, நீங்க பாராட்டிக்கிட்டே போறீங்க.

— பாராட்டலம்மா. கேக்கறதுக்குப் பதில் சொல்றேன்.

— எனக்கு ஒரு குறை வேணும் டூயேன். ஒண்ணே ஒண்ணு போதும். நீலத்துக்கு என்ன குறைன்னு கேட்டாங்கன்னா வாயைத் திறந்து சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

— நல்லா இருந்தா வாங்கிட வேண்டியதுதானே?

— அதுல ஒரு விஷயம் இருக்கு. சிவப்புன்னா பக்கத்துலயே ஒரு ஆள் இருந்தாகணும். நீலம்னா தலைமை ஆபீஸ்லேருந்தே எல்லாத்தையும் பாத்துக்கலாமாம். எங்க தலைமை ஆபீஸ் சிகாகோவுல. அந்தப் பையன் அதைத்தான் பெரிய வசதின்னு திரும்பத் திரும்பச் சொன்னான். பெட்டியை அங்கிருந்தே பாத்துக்கிட்டா இங்க நான் எதுக்கு? ஆர்டர் எடுக்கிற அறையில பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க இருக்காங்க. என் தங்கச்சியும் அதுல ஒருத்தி. ஆர்டரையும் அங்கேயே எடுத்துக்கிட்டா அவங்க எதுக்கு?

— ம்.

— "ம்"முன்னா என்ன அர்த்தம்?

— சரியாத்தான் கேக்கறீங்க.

— அக்கா, இந்தா காபி. போன்ல யாரு?

— பேப்பர் ஆலைக்காரர், அர்லீன். அந்த நீலத்தை வெச்சிருக்கிறவர்.

— என்னங்கறார்?

— அருமையா ஓடுதாம்.

— போச்சு போ. நல்லதா நாலு குத்தம் சொல்லச் சொல்லு. சொன்னா என் எலுமிச்சை கேக்கை ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய்க் குடுக்கறேன்னு சொல்லு.

— கேட்டுச்சும்மா.

— அவருக்குக் கேட்டுடுச்சாம் அர்லீன். நீ போ, ரெண்டாவது லைன் அடிக்குது பாரு... அவதான் என் தங்கச்சி. அவ வீட்டுக்காரர் கூரைக்கு ஓடு மாத்தறப்ப விழுந்து, முதுகு போய், படுத்த படுக்கை. அவ சம்பளத்துலதான் வீடு நடக்குது. சரி, வாங்க. அச்சு எடுக்கிறது எப்படி? எந்த ஆபீஸ்ல நுழைஞ்சாலும் பிரின்டர்கிட்ட நாலு பேர் நின்னு திட்டிக்கிட்டிருப்பாங்களே.

— இங்க யாரும் திட்டல.

— காலையில எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள நுழையறப்ப மெதுவாகுமே? எங்களுது ஒரு கப் காபி குடிச்சு முடிச்சப்புறம்தான் கண்ணைத் திறக்கும்.

— நான் நுழைஞ்சதும் திறந்துடும்.

— பாஸ்வேர்டை மறந்துட்டு வந்து நிப்பாங்களே? எங்க கணக்குப் பிரிவுல டெலோரிஸ்னு ஒருத்தி. திங்கக்கிழமைன்னா மறந்துடுவா. தன் நாய் பேரைத்தான் வெச்சிருக்கா, அதையும் மறந்துடுவா.

— அப்படி யாரும் வரல.

— யாருமேவா?

— இந்த வருஷம் யாரும் வரல.

— என்ன ஜனங்கய்யா உங்க ஊர்ல? சர்ச்லேருந்து நேரா வேலைக்கு வந்துடுவாங்களா? சரி, அடுத்த வாரம் மான் வேட்டை ஆரம்பிக்குது. எங்க ஆலையில பாதிப் பேர் காய்ச்சல்னு சொல்லிட்டுக் காட்டுல போய் மரத்து மேல உக்காந்துடுவாங்க. பெட்டியைப் பாத்துக்க ஆள் கிடைக்காது. உங்களுக்கு எப்படி?

— யாரும் லீவு கேக்கல.

— நீங்க போவீங்களா?

— துப்பாக்கியை மச்சானுக்குக் குடுத்துட்டேன்.

— ஏன், கண்ணு தெரியலியா?

— தெரியுது. போகணும்னு தோணல. வீட்டுல இருந்தா வீட்டுல இருக்கேன். இங்க இருந்தா இங்க இருக்கேன். அவ்வளவுதான்.

— வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?

— வாயைத் திறந்து ஏதாவது பேசுங்கன்னு பொண்டாட்டி சொல்லுவா. என்ன பேசறதுன்னு கேப்பேன். அதோட போயிடும்.

— டூயேன், நீங்க இந்தக் கம்ப்யூட்டருக்குன்னே படிச்சவரா?

— இல்லம்மா. நான் ரெண்டாம் நம்பர் மெஷின்ல, பேப்பர் கூழ் இறங்கற பக்கம் நின்னவன். இருபத்தொம்பது வருஷம்.

— அங்க நின்ன ஆள் இங்க எப்படி வந்தீங்க?

— யூனியன் பலகையில வேலையை ஒட்டியிருந்தாங்க. பெட்டியில இருக்கிறதை நகல் எடுத்து வெக்கிற டேப்பை மாத்த ஒரு ஆள் வேணும்னு. யார் ரொம்பப் பழைய ஆளோ அவரைத்தான் முதல்ல கேக்கணும், ஒப்பந்தம் அப்படி. நான்தான் பழைய ஆள். பேர் குடுத்தேன். சாயங்காலமானா பழைய டேப்பை எடுத்துட்டு வேற டேப் போடணும். போன் வந்தா எடுக்கணும். அவ்வளவுதான்.

— போகட்டும், காதாவது தப்பிச்சுது. என் மாமனாரும் பேப்பர் ஆலைதான், அவருக்குக் காது போயிடுச்சு. உப்பை எடுன்னு கேட்டார்னா தெருமுனையில இருக்கிறவன் உப்பு எடுத்துட்டு வருவான். அந்த மெஷின் இரைச்சல் சுவரைத் தாண்டி வீடு வரைக்கும் வரும்பாங்க, ஆபீஸ்லகூட போன்ல கத்தித்தான் பேசணும்னு... கொஞ்சம் இருங்க.

— ம்.

— உங்க பின்னாடி சத்தமே காணோமே.

— இல்ல.

— பழுது பாக்கறதுக்கு நிறுத்தியிருக்காங்களா?

— இல்லம்மா. நின்னுடுச்சு.

— எது, உங்க மெஷினா?

— எல்லா மெஷினும். ஆலையை மூடியாச்சு.

— எப்ப?

— பிப்ரவரியில. ஆத்துல இன்னும் ஐஸ் இருந்துச்சு.

— இப்ப நவம்பர். டூயேன், அங்க இப்ப யார் யார் இருக்கீங்க?

— நான் இருக்கேன். மத்தியானம் வரைக்கும் வாசல் கேட்டுல ஒருத்தர் இருப்பார்.

— அப்ப அந்தப் பெட்டி யாருக்காக ஓடுது?

— பழைய கணக்கு வழக்கெல்லாம் அதுலதான் இருக்கு. தலைமை ஆபீஸ்காரங்க அங்கிருந்தே எப்பவாவது எட்டிப் பாப்பாங்க. அப்ப முன்னாடி இருக்கிற விளக்கு மினுக்கும். யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்குவேன்.

— அட கடவுளே, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

— நீங்க பெட்டியைப் பத்திக் கேட்டீங்க. பெட்டி நல்லா இருக்கு.

— எப்படி மூடினாங்க? அந்த நீலத்தாலயா?

— பெட்டி என்னம்மா பண்ணும், பாவம். நீங்க பயப்படறீங்களே, அதேதான். முதல்ல பெட்டியைப் பாத்துக்கிட்டிருந்த பையன்களை அனுப்பினாங்க, அங்கிருந்தே பாத்துக்கறோம்னு. அப்புறம் ஆர்டர் எடுக்கிறவங்க. அப்புறம் சம்பளம் போடறவங்க. எந்த ஆர்டரை எந்த ஆலைக்குக் குடுக்கறதுன்னு அங்கேயே உக்காந்து பிரிச்சாங்க. எங்களுக்கு வர்றது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு வாரம் ஒண்ணும் வரல. மெஷினைத் துடைச்சோம். மறு வாரமும் துடைச்சோம். அதுக்கப்புறம் துடைக்கவும் ஒண்ணும் இல்ல. அனுப்பிட்டாங்க.

— உங்களுக்கு ஆத்திரம் வரலியா?

— அன்னிக்கு எல்லாரும் வாசல் கேட்டுகிட்ட நின்னு அழுதாங்க. நான் சாப்பாட்டு டப்பாவை எங்க வெச்சேன்னு தேடிக்கிட்டிருந்தேன். அப்புறமா அழுதுக்கலாம்னு இருந்தேன். வரல.

— மன்னிச்சுக்கோங்க டூயேன். தெரியாம வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணிட்டேன்.

— பரவால்லம்மா. இங்க கிண்டல் பண்ண யாரு இருக்கா.

— ஒண்ணு கேக்கறேன். இதை நான் கூட்டத்துல சொல்லலாமா?

— சொல்லுங்க.

— சொன்னா அந்தத் தலைக்கு வாசனை தடவற பையன் அப்புறம் உங்க நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டான்.

— குடுக்க மாட்டான்.

— உங்க வேலைக்கு ஏதாவது வந்துடுமா?

— டேப் மாத்தற வேலை இருக்கும். போன் வராது.

— நிறைய வருமா இப்ப?

— வாரத்துல ரெண்டு மூணு வரும். நல்லபடியாப் பேசுவாங்க. போன் அடிச்சா உடனே எடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் அடிக்கட்டும்னு விடுவேன்.

— அப்ப வேண்டாம். உங்க பேரைச் சொல்லல. ஏதோ ஒரு ஆலைன்னு சொல்லிக்கறேன்.

— பேரைச் சொல்லுங்கம்மா. பேர் இல்லாமச் சொன்னா யாரு நம்புவா.

— அக்கா! ரூம்ல நாற்காலி போட ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் போன்லயே இருக்கே?

— அர்லீன், கிடைச்சிடுச்சுடி!

— குறையா?

— அந்த ஆலையையே மூடிட்டாங்களாம். நீலம் வந்துச்சாம், எல்லாத்தையும் தலைமை ஆபீஸ்லேருந்தே பாத்துக்கறோம்னாங்களாம், ஒவ்வொரு அறையாக் காலி பண்ணிட்டாங்களாம். ஆர்டர் அறை ரெண்டாவதாப் போயிருக்கு.

— ஐயையோ. அப்ப போன்ல இருக்கிறது யாரு?

— அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

— நான் பேசறது அவருக்குக் கேக்குதா?

— கேக்குதும்மா.

— கேக்கை நிஜமாவே அனுப்பறேன்னு சொல்லுக்கா. விலாசம் வாங்கிக்கோ.

— வாங்கறேன், நீ போ. முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போ, வென்ட்லாண்ட் பாத்தா என்னமோ ஏதோன்னு நினைப்பார்... டூயேன், இனி எனக்குப் பயமில்ல. எங்க மேனேஜர் வென்ட்லாண்ட் தங்கமான மனுஷர். இதே ஊர்ல பொறந்து வளர்ந்தவர். அர்லீன் புருஷன் விழுந்த அன்னிக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காம தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினார். சிவப்பா நீலமான்னு இன்னும் ரெண்டு பக்கமும் சாயாமத்தான் இருக்கார், முடிவு அவர் கையில. இப்படி ஒரு ஆலை காலியாச்சுன்னு அவர் காதுல விழுந்துச்சுன்னா நீலத்தைக் கிட்டயே சேக்க மாட்டார். டூயேன்? இருக்கீங்களா?

— இருக்கேன். வென்ட்லாண்ட்னா, கார்ல் வென்ட்லாண்டா?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பட்டாணி ஆலைன்னு சொன்னார். போன வாரம் கூப்பிட்டார்.

— வென்ட்லாண்டா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. என்ன கேட்டார்? பெட்டி நிக்குமா, அச்சு வருமான்னா?

— அதெல்லாம் கேக்கல.

— அப்ப ஆலை மூடினது அவருக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுக்கிட்டுதான் கூப்பிட்டார். நீலம் வந்ததிலேருந்து ஆளுங்களை எல்லாம் அனுப்பி முடிக்க எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னேன். ஏன் அவ்வளவு நாள் இழுத்தாங்கன்னு கேட்டார்.