டவர் பேசும் பாதையில் நாமும் பேசலாமா?

சபையைத் தாங்கும் தலைவர் மகாதேவன் அவர்களே, பங்குனி வெயிலில் பால்குடம் சுமக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் அடக்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, புனே வாழ் தமிழ்ச் சொந்தங்களே, இந்தப் பாலாம்பாளின் பணிவான வணக்கம்.

"அடுப்படியில் இருப்பவளுக்கு அலைக்கற்றை எதற்கு?" என்று அங்கே ஒரு குரல். எனக்கும் அதே சந்தேகம்தான் ஐயா. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் நிற்பவரை அழைத்தாலும் நம் குரல் டவருக்குப் போய்த்தான் திரும்புகிறது. கூட்டம் பெருகினால் டவர் திணறுகிறது. நான் குடியிருக்கும் ஔந்த் பகுதியில் என் மேல்வீட்டுப் பொறியாளர் ரோஹிணி, சென்ற ஆண்டு பால்குட ஊர்வலத்துக்கு உரிய அனுமதியோடு பத்துச் சோதனைக் கருவிகள் தந்தாள். டவரைத் தொடாமல் ஒன்றோடொன்று நேரே பேசும். ஆனால் போகிற பாதை, டவரின் அதே அலைக்கற்றை.

"ஒரே பாதையில் இரண்டு பேச்சா? மோதாதா?" என்று அவளிடம் கேட்டேன்.

"மெல்லப் பேசினால் மோதாது ஆன்ட்டி."

விளக்குப் பூஜையில் குருக்கள் மைக்கில் போற்றி சொல்கிறார். அதே காற்றில் நாம், "எண்ணெயை இங்கே தள்ளுடி" என்கிறோம். போற்றி கெட்டதா? இல்லை. நம் குரல் பக்கத்துப் பாயோடு நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்தச் சூட்சுமத்தைக் கெடுத்தவள் நான். நன்றாகக் கேட்கட்டும் என்று பத்துக் கருவியிலும் சக்தியை முழுசாக ஏற்றினேன். மணி ஒன்பது நாற்பது. நோட்டில் குறித்திருக்கிறேன். நாற்பத்திரண்டுக்கு ஜம்பு அண்ணா மயங்கி விழுந்தார். அவர் மனைவி சரசா அக்கா ஆம்புலன்ஸை அழைத்தார், அறுந்தது. மறுபடி அழைத்தார், அறுந்தது. ரோஹிணி ஓடி வந்து, "குறையுங்க ஆன்ட்டி, டவருக்கு எதுவுமே கேட்கலை" என்றாள். குறைத்தேன். அடுத்த அழைப்பு போய்ச் சேர்ந்தது.

முருகன் கைவிடவில்லை. அண்ணா இதோ முன்வரிசையில், டாக்டர் வேண்டாமென்ற லட்டோடு இருக்கிறார். சாப்பிடுங்கள் அண்ணா, நான் பார்க்கவில்லை.

"இந்த ஆண்டு கருவியே வேண்டாம்" என்கிறார் தலைவர். நியாயம். ஆனால் ஆம்புலன்ஸ் வருமுன், அதே கருவியில் செய்தி கேட்டு ஊர்வலத்தின் கடைசியிலிருந்து டாக்டர் ஓடி வந்தாரே, அதை எங்கே எழுதுவது?

பிறகு நான்கு ஞாயிறுகள் கோயில் மைதானத்தில் சோதித்தோம். சக்தியைக் குறைத்தால் இருநூறு அடி வரை பேச்சு தெளிவு. டவர் வழியே போன நாற்பது அழைப்பில் ஒன்றும் அறுபடவில்லை. இம்முறை யாரும் ஏற்ற முடியாதபடி ரோஹிணி பூட்டித் தருகிறாள். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் பூட்டு.

ஆனாலும் தீர்ப்பு சபையுடையதல்ல. சரசா அக்கா, அறுந்த அழைப்பு உங்களுடையது. நீங்கள் வேண்டாமென்றால் கருவிகள் பெட்டியை விட்டு வெளியே வராது.

என்ன அக்கா? மைக்கை அவரிடம் கொடுங்கள்... வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். "முதல் கருவி என் கையில் இருக்கட்டும், நீ தொடாதே" என்கிறார்.

தொடமாட்டேன் அக்கா. பொறுத்த உங்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட சபைக்கும் நன்றி. வேலவன் எல்லோருக்கும் துணையிருக்கட்டும். வணக்கம்.