பேர் சொன்னால்தான் ஜேசிபி

— முதல்ல பேரைச் சொல்லும்மா. இந்த மறியலை யார் தூண்டிவிட்டது?

— முடிச்சூர் ரோடு ஃபுல்லா ஜனம் ஒக்காந்துகினு கீது சார். என் மீன் கூடை, ஷீலா டீச்சர் வூட்டு சோபா, எல்லாம் நடுரோட்ல. இதுக்கு ஒருத்தன் தூண்டணுமா இன்னா?

— நீ அங்காளம்மாதானே? நான் இந்த ஏரியா இன்ஜினியர். தெருவுல அஞ்சு நாளா தண்ணி நிக்குது. நாலு நாள் சும்மா இருந்துட்டு இன்னைக்கு மட்டும் எப்படிப் பொங்கினீங்க?

— சும்மாவா இருந்தோம்? பிளாட் போட்டவன் கால்வாய் வாயில மண்ணைக் கொட்டிட்டான், தோண்டிவுடுங்கன்னு மூணு மனு குடுத்தோம். சாயங்காலம் மறுபடி மழையாம். எங்க வூட்டுக்காரர் பூவராகன் கால் ஒடிஞ்சி கட்டில்ல கெடக்குறாரு. இன்னும் ஒரு ஜாண் ஏறுனா கட்டில் முழுகிடும் சார்.

— அதனாலதான் சொல்றேன். ஜேசிபி அந்த முனையிலயே நிக்குது. மேல பேர் கேக்கறாங்க. சொல்லு, அனுப்பறேன்.

— கேஸ் போடுவீங்க.

— அந்த ஒருத்தர் மேல மட்டும். மத்தவங்களை விட்டுடுவோம்.

— அப்ப மொதல்ல மிஷினு தோண்டட்டும். ஆளு எங்கயும் ஓடல, இங்கயேதான் நிக்கிறாரு.

— இங்கயா? யாரு, அந்தச் சிவப்புச் சட்டையா?

— மிஷினு சார்.

— சரி, சரி. ஹலோ, முனிரத்தினம்? வண்டியை எடுங்க. ஆமா, இப்பவே வெட்டுங்க.

— தோ, மண்ணு ஒடையுது! போவுது சார் தண்ணி! டீச்சர், ஓடியா, எப்டிப் போவுது பாரு!

— போதும். இப்ப பேரு.

— எழுதிக்க சார். இன்னிக்கி காத்தால ஷீலா டீச்சர் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல போட்டாங்க, தெருவே சுத்தி நின்னு கேட்டோம். போனை எடுத்த ஆளு 'பாக்கறேன்'னு சொல்லிட்டு போனை கட் பண்ண மறந்துட்டாரு. பக்கத்துல யார்கிட்டயோ, 'ரெண்டு நாள் கத்துவாங்க, அப்புறம் பழகிடும் அவங்களுக்கு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அதைக் கேட்டதும் தெருவுல ஒருத்தரும் வூட்டுக்குள்ள போவல.

— சரி, சரி, நீ போம்மா.

— இன்னா சார், பேனாவ மூடிட்டீங்க? எழுத்து தப்பு வரப்போவுது, உங்க கழுத்துல தொங்குற அட்டையப் பாத்தே எழுதிக்கங்க.