மெயின் சுவிட்ச்

செம்மேட்டிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் கணவனும் மனைவியும். கல்யாணத்துக்குப் போகிறார்கள் போல, பட்டுச்சேலை, மடியில் பலாப்பழம்.

“மூணு நாளைக்குக் கடையில ஒரு யூனிட்டு ஓடாது. மெயினையே அணைச்சுப்போட்டு வந்துட்டேன்,” என்றார் அவர்.

மனைவி திரும்பினாள். “பிரிட்ஜுமாங்க?”

“பாலு, தயிரெல்லாம் நேத்தே வித்தாச்சு. காலி பிரிட்ஜுக்கு எதுக்குக் கரண்ட்டு?”

“அதுல செல்வியக்கா புள்ளையோட சக்கரை ஊசி மருந்து இருக்குதுங்க. அவங்க ஊட்டுல பிரிட்ஜு இல்லீன்னு நாந்தான் வைக்கச் சொன்னேன்.”

“எங்கிட்டச் சொன்னியா?”

“கடைச் சாவி எங்கீங்க?”

அவர் சட்டைப்பையைத் தொட்டார்.

ஒவ்வொரு வளைவிலும் அவள் போனைத் தூக்கிப் பார்த்தாள். சிக்னல் இல்லை. “கீழ எறங்குனதும் திரும்ப மேல போற பஸ்ஸைப் புடிங்க,” என்றாள். “முகூர்த்தம்...” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடிவாரத்தில் லைன் கிடைத்தது. “அக்கா, அந்த மருந்து...” என்றவள் அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்தாள்.

“என்ன சொல்றாங்க?”

“நேத்து கடைக்கு வந்தப்பவே எடுத்துக்கிட்டாங்களாம். மண்பானைத் தண்ணிக்குள்ள டப்பாவோட வச்சிருக்காங்க. நீங்க ஊருக்குக் கெளம்புனா மெயினை அணைச்சிருவீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமாம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்ப அணைச்சது அணைச்சதாவே இருக்கட்டும்.”

 அவள் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.