ஈரம் ஆகாத அறை

நான் காலையில் சீக்கிரம் எழுகிறவள், ஐயா. என் தம்பி ஒன்பது மணிக்கு முன்னால் கண் திறக்கமாட்டான். அன்றைக்கு மட்டும் எனக்கு முன்பே வந்து கூட்டறை வாசலில் நின்றான்.

எங்கள் பூச்சிக் காட்சிசாலையின் பின்பக்கம் இருக்கிற சின்ன அறை அது. வறண்ட நிலத்துப் பட்டாம்பூச்சி ஒன்றின் கூடுகளை அங்கே வைத்திருந்தேன். வெள்ளை இறகு, நுனியில் ஆரஞ்சு. மழை பொய்த்தால் அது வெளியே வராது, கூட்டுக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடக்கும். என்னுடைய முப்பத்தெட்டும் மூன்று வருஷமாகக் கிடந்தன. பெற்றவளைப் போலப் பார்த்துக்கொண்டேன். ஹீட்டரை ஒருநாளும் அணைத்ததில்லை.

காட்சிசாலைக்குத் தம்பிதான் பொறுப்பு.

"அக்கா, காஞ்ச குச்சிக்குக் காவல் காத்தது போதும். இன்னைக்கு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டு ரூமைக் காலி பண்றேன்."

"நிறம் மாறுதுடா. இன்னைக்கு வந்துடும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எறும்பும் தூசும் போகக் கூடாதென்று சட்டையையும் செல்போனையும் வெளியே வைத்துவிட்டு, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். நான் வைத்த விதி. அன்று என் பேச்சைத் தட்டாமல் சட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தான். அவனுடைய இன்ஹேலர் அதன் பையில் இருந்தது. சூடும் தூசும் சேர்ந்தால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு வரும்.

கூடுகளுக்கு அடியில் இருந்த சருகுத் தட்டை அவன் கவிழ்த்ததும் தூள் பறந்தது. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

வெளியே நல்ல மழை. பூச்சி வெளியே வரும் நேரத்தில் குளிர்ந்த ஈரக்காற்று நேராகப் பட்டால் இறகு காயாது, சுருங்கியே போகும். அந்த நேரத்தில் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. இதை நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும்.

"அக்கா, மூச்சு முட்டுது. திற அக்கா."

"கொஞ்சம் பொறுடா," என்றேன். சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்கு வலிக்காதா? வலித்தது. ஆனால் அந்த முப்பத்தெட்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முப்பத்தாறு நல்ல இறகோடு வந்தன. அவன் கதவில் மோதியதில் இரண்டு கூடுகள் விழுந்து நசுங்கிவிட்டன. அதற்காக அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

நேரம் கேட்டீர்கள். ஒன்பது பத்துக்குத் தாழ் போட்டேன். ஒன்பதே முக்காலுக்குத் தட்டுகிற சத்தம் நின்றது. முதல் கூடு பிளந்தபோது மணி பதினொன்று.