ஆவி என்னை ஏவவில்லை

கோகோத் தூளைக் கொதிக்கிற பாலில் நேரே கொட்டக் கூடாது. முதலில் ஒரு கரண்டி ஆறிய பாலில் குழைத்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்டலில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கட்டி கட்டியாகக் குடித்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள்.

நீதிபதியே, நான் தொப்பியைக் கழற்றாததையும், வேத புத்தகத்தின் மேல் கைவைக்க மறுத்ததையும் தவறாக எண்ண வேண்டாம். குவேக்கர் என்னும் எங்கள் கிறிஸ்தவப் பிரிவினர் மனிதருக்காகத் தொப்பியைக் கழற்றுவதில்லை, சத்தியம் செய்வதுமில்லை. எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு?

என் கோகோ ஆலையில் நீராவி இயந்திரம் வந்தபின் மூன்று தெருக்களில் சாராயக்கடைகள் மூடின. மாலுமிகள் கோகோ குடித்துவிட்டு அவரவர் மனைவி பெயரைப் பிழையில்லாமல் சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் 'தூயது' என்று அச்சடித்தேன். நிறத்துக்காகச் சலித்த செங்கல் தூள் கொஞ்சம் சேர்ப்பேன். தூய செங்கல்தான்.

அதைக் கண்டுபிடித்தவன் என் மனைவியின் தம்பி ஜேபஸ். வாரத்தின் முதல் நாள் காலை (நீங்கள் ஞாயிறு என்பீர்கள்) சபைக்குக் கிளம்பும் நேரத்தில், கோகோக் கொட்டை காயவைக்கும் அறையில் அந்தத் தூளோடு நின்றான்.

"மச்சான், இது செங்கல்லு."

"கலருக்குடா."

"பச்சப்புள்ளைங்க குடிக்குது. இன்னைக்கு சபையில எந்திரிச்சு சொல்லிடுவேன்."

"ஆவி ஏவினாத்தானே பேசணும்?"

"ஒரு வாரமா ஏவிக்கிட்டேதான் இருக்கு. சோறு எறங்கல."

சபையில் பெயர் கெட்ட குவேக்கரிடம் ஊரில் ஒருவரும் ஒரு டப்பாகூட வாங்க மாட்டார்கள். ஆகவே வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜேபஸுக்குக் குளிர் ஆகாது. அறைக்குக் கீழே எரிந்த அடுப்பில் இன்னும் இரண்டு கூடை கரி போட்டுவிட்டுத்தான் போனேன்.

சபைக்கூடத்துக்கும் அந்த அறைக்கும் ஒரே சுவர். எங்களுக்குப் பாதிரி இல்லை, பாட்டு இல்லை. மௌனமாக உட்கார்ந்திருப்போம்; பரிசுத்த ஆவி யாரை ஏவுகிறதோ அவர் எழுந்து பேசுவார். பத்து நிமிடத்தில் தட்டும் சத்தம் கேட்டது. நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தட்டுவது தன் மனசாட்சிதான் என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயம். தையல்காரர் ஒருவர் தைக்கக் கொடுத்தவர்களிடம் தான் அமுக்கிய துணியையெல்லாம் நினைத்துத் தேம்பினார். சபையில் மூத்தவரான ஹெப்சிபா அம்மாள் எழுந்தார்.

"தட்டுறாரு, கேக்குதா? நம்ம மனசுக் கதவத்தான் தட்டுறாரு. தொறந்து விடுங்களேன், எவ்வளவு நேரம் நிக்க வப்பீங்க?"

சத்தம் பலமானது. பக்தியும் பலமானது. பிறகு மெல்ல மெல்ல நின்றது. பாவம் மன்னிக்கப்பட்டதென்று நாற்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் கண்டதில்லை என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

தட்டியது யார் என்று எனக்கு மட்டும் தெரியும். சொல்லவும் தயாராகத்தான் இருந்தேன். இரண்டு மணி நேரம் நேர்மையாகக் காத்திருந்தேன். ஆவி என்னை ஏவவில்லை.

வாசலில் மனைவி கேட்டாள்: "தம்பி எங்கங்க?"

"கதகதப்பா ஒரு எடத்துல இருக்கான்" என்றேன். எனக்குப் பொய் வராது.

மறுநாள் ஆட்கள் கதவைத் திறந்து ஜேபஸின் உடலைத் தூக்கி வந்தார்கள். அவன் செத்துக் கிடந்த அறையில் இருந்த முப்பது மூட்டைக் கொட்டையையும் ஆற்றில் கொட்டச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது என்றால் விற்றிருப்பார்கள். தூய்மை விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.